சட்டிக்குள் அடைபடாதவள்

கோன் கேன்
ஜனவரி 11, பௌத்த ஆண்டு 2518

அன்புள்ள லம்யாய் அக்காவுக்கு,

தம்பி புன்மா எழுதிக்கொள்வது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். பாங்காக் புகையில் உனக்கு வந்த இருமல் விட்டதா? அம்மாவுக்கு முழங்கால்தான் மக்கர் செய்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் யாரோ "மூத்தவ எப்படி இருக்கா?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒரே புள்ள. அவன் ஊர் ஊராப் போய் மைக்குல கத்துறான்" என்று சொல்லிவிட்டாள். படப்பிடிப்புக் கூட்டத்துக்குத் துணி தைக்கப் போகிறேன் என்று நீ வேன் ஏறிய அன்று, "நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கிறேன்" என்றாளே, அந்தப் பிடியை இன்னும் விடவில்லை. அதனால் கடிதத்தை வழக்கம்போல முதலாளி ஹெங்கின் கிடங்கு முகவரிக்கே போடு. வீட்டுக்குப் போட்டால் அடுப்புக்குத்தான் போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருந்து வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போட்டுக் காட்ட, ஹெங் பழைய படப் பெட்டிகளை மொத்தமாக விலை பேசி வாங்கினார். அடியில் யாரும் சீண்டாத ஒன்று கிடந்தது. முதல் ரீல் இல்லை. அதனால் யார் எடுத்தது, யார் நடித்தது, ஒன்றும் தெரியாது. குரல் பதியாத படம், நான் மைக்கில் பேசவேண்டிய வசனத் தாளும் இல்லை. 'உப்புக்காரி', பேய்ப் படம் என்று மட்டும் டப்பா மேல் சாக்கட்டியால் எழுதியிருந்தது. ஒரு நாள் நாங்கள் போடவேண்டிய சண்டைப் படம் வந்து சேரவில்லை. சரி, ஏதோ ஒன்று ஓடட்டும் என்று இதை மாட்டினோம்.

அக்கா, நான் இதுவரை எத்தனை பேய்களுக்குக் குரல் கொடுத்திருப்பேன்! எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு, ஒரே அலறல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொடுப்பேன். இந்தப் படத்தில் எனக்குக் குரலே வரவில்லை. உப்பு காய்ச்சப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போன ஒருத்தி, தான் செத்தது தெரியாமல் தினமும் பொழுது சாய்ந்ததும் அம்மா வீட்டுக்கு வருகிறாள். முகமெல்லாம் அடுப்புச் சாம்பலும் உப்புப் பொடியும். அம்மாவுக்குத் தெரியும், இவள் செத்துவிட்டாள் என்று. ஆனால் சொல்லமாட்டாள். "வந்தியா? கால் கழுவிட்டு ஏறு" என்று சொல்லிச் சோற்றுக் கூடையை நகர்த்தி வைப்பாள். மகள் உருட்டி உருட்டித் தின்பாள். கூடையில் சோறு குறையாது. காலையில் அம்மா அதைக் கோழிக்குப் போட்டால் கோழி கிட்டவே வராது.

பல் நீளவில்லை, நாய் ஊளையிடவில்லை. ஒரு இடம் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி தொலைந்த வாத்தைத் தேடிக்கொண்டு, தூண் மேல் நிற்கிற இவர்கள் வீட்டுக்கு அடியில் நுழைகிறாள். மேலே விளக்கு எரிகிறது. பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாகக் கீழே விழுகிறது. அம்மா நடந்தால் அந்தக் கோடுகள் மறைகின்றன. மகளும் நடக்கிறாள், பலகை கிறீச்சிடுகிறது, கோடு ஒன்றுகூட மறையவில்லை. அவ்வளவுதான் காட்டுகிறான். நமக்கெல்லாம் அப்படிப்பட்ட வீடுதானே? படம் பார்த்த எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தரையைத்தான் பார்த்திருப்பார்கள்.

உன் தையல் கடைக்குத்தான் சினிமாக்காரர்கள் வந்து போகிறார்களே, யாரிடமாவது இதன் வசனம் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பு. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றுகிறேன், மனசாட்சி உறுத்துகிறது.

உன் இருமலுக்கு எலுமிச்சையும் உப்பும் போதும். நாங்கள் விற்கிற மருந்தை மட்டும் வாங்கிக் குடிக்காதே.

இப்படிக்கு,
உன் வாயாடித் தம்பி
புன்மா

*

பாங்காக்
ஜனவரி 24

புன்மா,

நலம். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், நீ வாங்கியதாகச் சொல்லிக் கொடு.

வசனத் தாள் இத்துடன் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது. அந்தப் படத்தில் பேய்க்கு வசனம் அதிகம் கிடையாது. நீயாகச் சேர்க்காதே. சிரிக்கவே சிரிக்காதே. அவள் பேய் இல்லை, களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவள். அப்படிப் பேசு.

ஒன்று கேட்கவேண்டும். மருந்து விற்பதற்கு நீங்கள் படத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

லம்யாய்

*

கோன் கேன்
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருக்க நம் ஊர்க் காவல் சாமியை வேண்டுகிறேன். தைலத்தை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ நல்ல தைலம் வாங்க உனக்கு ஏதுடா புத்தி?" என்றாள். தேய்த்துக்கொண்டாள்.

மருந்து விற்க எங்கே நிறுத்துகிறோம் என்று கேட்டாய். வாத்து தேடும் இடத்தில்தான். மேலே பலகை கிறீச்சிட்டதும் விளக்கைப் போட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே, குடலில் புழு இருந்தால் முகம் வெளுக்கும்" என்று ஆரம்பிப்பேன். இனிமேல் அங்கே நிறுத்துவதில்லை. வசனத் தாளைப் படித்த பிறகு எனக்கே கை வரவில்லை. 'களைத்துப்போய் வருகிறவள்' என்றாயே, அந்த ஒரு சொல்லுக்காக உன் காலில் விழலாம். இப்போது அந்த மாதிரிதான் பேசுகிறேன். ஒரு கிழவி வந்து என் கன்னத்தைத் தடவி, "யப்பா, ஆம்பளத் தொண்டைக்குள்ள எம் மவளை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" என்று அழுதாள்.

அக்கா, அந்த நடிகை யாராக இருந்தாலும் அவளுக்குக் கோயில் கட்டலாம். கால் கழுவும் இடத்தைப் பார்க்கவேண்டும் நீ. படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர்ச் சாடியில் மொண்டு ஊற்றி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கிறாள். எவ்வளவு தேய்த்தும் உப்பு போகவில்லை. இவள் அதைப் பெரிதாகக் காட்டுவதே இல்லை. குனிந்து பார்த்து, சரி போகட்டும் என்று விட்டுவிட்டு ஏறுகிறாள். பாங்காக் மினுக்கிகள் யாருக்கும் இப்படிக் கால் கழுவத் தெரியாது. இவள் நம் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும்.

ஒரு சந்தேகம். கடைசிக்கு முந்தைய ரீலில், மந்திரவாதி பேயை அடைக்கிற சட்டியோடு வந்து போன பிறகு, அவள் படிக்கட்டுக்குக் கீழே நின்று அம்மாவை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்கிறாள். தாளில் "அம்மா, விளக்கு வை" என்று இருக்கிறது. ஆனால் உதடு அதற்கு ஒத்துவரவில்லை. அவள் வேறு என்னவோ சொல்கிறாள். உன் தெரிந்தவரிடம் கேள்.

ஹெங்குக்குப் படம் பிடிக்கவில்லை. "சனம் படம் முடிஞ்சும் எந்திரிக்க மாட்டேங்குது, மருந்தும் வாங்க மாட்டேங்குது. இது என்னய்யா யாவாரம்?" என்கிறார். வேறொரு படத்தின் கடைசி ரீலை வெட்டி, இதில் ஒட்டி, பேயைச் சட்டிக்குள் அடைத்து ஆற்றில் விட்டுவிடலாம் என்று யோசனை சொல்கிறார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? எனக்கு அவர் வாய்த்திருக்கிறார்.

உன் அன்புத் தம்பி
புன்மா

*

பாங்காக்
பிப்ரவரி 22

தம்பிக்கு,

நலம். உடனே எழுதுகிறேன். அந்தக் கடைசி ரீலில் ஹெங்கைக் கைவைக்க விடாதே. கத்தரிக்கோலை ஒளித்து வை. அழு, சண்டை போடு, வேலையை விட்டுவிடுவேன் என்று மிரட்டு. அவருக்கு உன்னை விட்டால் குரல் கிடையாது.

இங்கே அந்தப் படத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்கிறேன். கேள்விப்பட்டதுதான். ஒரு வாரம்கூட ஓடவில்லை. முதல் காட்சிக்கு வந்தவர்கள் மந்திரவாதி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் கைதட்டினார்களாம். இப்போது பிடிப்பான், அடைப்பான் என்று. அம்மாவாக வரும் அந்தக் கிழவி படியில் உட்கார்ந்துகொண்டு, "சட்டியை எடுத்துட்டுப் போங்க, எங்க வீட்டுல சமைக்கச் சட்டி இருக்கு" என்று அனுப்பிவைக்கிறாளே, அங்கே சிரிக்க ஆரம்பித்தார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவன் கத்தினான். படத்தை எடுத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து போய்விட்டார். பிறகு அவர் படமே எடுக்கவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உதட்டுக்குப் பெரிய அர்த்தம் தேடாதே. பேசாப் படம்தானே, குரல் பிறகு போடப்போகிறார்கள் என்று நடிகைகள் எதையாவது முணுமுணுப்பது உண்டு.

அந்தப் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று நிஜமாகவே தோன்றுகிறதா, அல்லது படம் முழுவதும் பிடித்துப்போனதால் சொல்கிறாயா? தெரிந்தவர் கேட்டார்.

லம்யாய்

*

உடோன்
மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாள் முழுக்கத் தெருத் தெருவாக லாரியில் அலைகிறோம், அதனால் பதில் தாமதம்.

உன் தெரிந்தவரிடம் இப்படிச் சொல்: "புன்மா என்கிற கூலிக் குரல்காரன், எத்தனையோ பேருக்கு வாயசைத்தவன், ஒரே ஒருத்திக்கு முன்னால்தான் வாயை மூடிக்கொள்ள ஆசைப்பட்டான்." போதுமா? அவள் அழவே மாட்டாள் அக்கா. கடைசியில் அம்மாவே அவளைக் கையைப் பிடித்து உப்பு வயலுக்கு அழைத்துப்போய், "இங்கதான்டி நீ கெடக்குற" என்று காட்டும்போதுகூட அழமாட்டாள். அந்த இடத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோள்துண்டை எடுத்து அம்மாவின் முகத்தைத் துடைத்துவிடுவாள். விடிகிற நேரம், வயல் முழுக்க வெள்ளை. அம்மா மட்டும் தனியாகத் திரும்பி நடக்கிறாள். பேய்ப் படம் பார்த்து நான் பயந்திருக்கிறேன், ஒரு பேய் போய்விட்டதே என்று ஏங்கியது இதுதான் முதல் தடவை. ஊர்க்காரர்களும் அப்படித்தான். ஒரு ஊரில் படம் முடிந்து போகும்போது பெண்கள் வழியோரம் சோற்று உருண்டை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். கத்தரிக்கோல் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

நல்ல செய்தி ஒன்று. நம் ஊர் துய் மாமா மகனுக்கு இந்த வருடம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் சீட்டு எடுக்கிற முறை. கறுப்புச் சீட்டு வந்து பையன் தப்பித்தால் காவல் சாமிக்கு ஒரு படம் போடுகிறேன் என்று மாமா நேர்ந்துகொண்டிருக்கிறார். வந்தால் படம் நம்முடையதுதான்! 'உப்புக்காரி'யைத்தான் போடப்போகிறேன்.

பூசாரியிடம் போய், பேய்ப் படம் போடப்போகிறேன் என்று சொன்னேன். மனுஷன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எகிறினார்: "அட முட்டாப் பயலே! முன் வரிசை நாற்காலியில வந்து உக்காந்து படம் பாக்குறதே சாமியோட வர்ற ஆவிங்கதான். அவங்க ஆளைச் சட்டிக்குள்ள அடைக்கிற படத்தை அவங்களுக்கே போட்டுக் காட்டுவியா? போன தடவை ஒருத்தன் போட்டான், ஜெனரேட்டர் தீப்புடிச்சுது. சண்டைப் படம் போடு, இல்ல சிரிப்புப் படம் போடு."

"இதுல சட்டி திரும்பிப் போயிடும் தாத்தா. பேய்கிட்ட சாப்பிட்டியான்னு கேப்பாங்க" என்றேன்.

இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "சாப்பாடு போடுறாங்களா? அப்ப போடு" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவும் வருவாள். நீ போனதிலிருந்து எந்தப் படத்தின் பக்கமும் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் சாமி காரியம், படையல் சோறு அவள் பொறுப்பு, வராமல் இருக்க முடியாது. இந்தப் படத்தை அவள் பார்த்தால் சினிமாக்காரர்கள் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் இளகும் என்று ஒரு நப்பாசை. அப்படியே உன் பேச்சை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இந்த வருடமாவது உன்னை வீட்டுப் படி ஏற்றிவிட வேண்டும் எனக்கு.

புன்மா

*

பாங்காக்
மார்ச் 27

புன்மா,

அந்தப் படத்தை நம் ஊரில் போடாதே.

வேறு எந்த ஊரிலும் போடு. நம் ஊரில் அம்மா முன்னால் மட்டும் வேண்டாம். பூசாரி சொன்னதுபோலச் சிரிப்புப் படம் போடு. காரணம் கேட்காதே. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

அம்மாவுக்குக் கீழே உட்கார முடியாது, மணை ஒன்று எடுத்துப்போ.

லம்யாய்

*

பான் நோங் க்லுவா
ஏப்ரல் 20

அக்கா,

நீ நலமா என்று கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது. நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் கிடங்கில் கிடந்தது. நான் லாரியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஹெங் இன்றுதான் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். முன்பே கிடைத்திருந்தால் நீ சொன்னபடி செய்திருப்பேன். கிடைக்காமல் போனதே நல்லது என்றும் தோன்றுகிறது. எது சரி என்று நீயே சொல்.

துய் மாமா மகனுக்குக் கறுப்புச் சீட்டு வந்தது. புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டு முடிந்த மறுநாள், காவல் சாமி கோயில் திடலில் திரை கட்டினோம். முன் வரிசையில் காலி நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் பூவும் சுருட்டும். பின்னால் ஊர். ஓரமாக மணை போட்டு அம்மா. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "சாமிக்குச் சோறு வைக்க வந்தேன், கூத்துப் பாக்க வரல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

படம் ஓடத் தொடங்கியது. "வந்தியா? கால் கழுவிட்டு ஏறு" என்று நான் கிழவிக் குரலில் சொன்னேன். தன்னைத்தான் யாரோ கூப்பிட்டதுபோல அம்மா திரும்பினாள். அதே நேரம் அந்தப் பெண் தண்ணீர் மொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கிறாள்.

அம்மா எழுந்து நின்றாள். முழங்கால் வலியாவது ஒன்றாவது. "ஐயோ! அது எம் பொண்ணுடா!"

யாரோ, "உக்காரு அத்தை, மறைக்குது" என்றார்கள்.

"எம் பொண்ணுங்கிறேன்! வலது கால் மேல எடது காலைப் போட்டுத் தேய்க்காதடி, வழுக்கி விழுவேன்னு சின்னதுல இருந்து அடிச்சிருக்கேன்! லம்யாய்! அடியே லம்யாய்!"

அக்கா, இத்தனை வருடத்துக்குப் பிறகு உன் பெயரை அவள் வாயால் கேட்டேன். அப்போதுதான் நானும் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை போலிருக்கிறது. நான் மைக்கும் தாளுமாக உதட்டைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன்! சாம்பலுக்கு அடியில் உன் நெற்றி, உன் மூக்கு. நீ வேன் ஏறும்போது எனக்கு மீசைகூட அரும்பவில்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனாலும் என்னைப்போல ஒரு மடையன் உண்டா? உன் நடிப்பை உனக்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நீயும் தெரிந்தவர் கேட்டார் என்று வாங்கிக்கொண்டாய்!

அம்மா நேராக என்னிடம் வந்தாள். "நிறுத்துடா. யார்ரா அவளைக் கொன்னது?"

"நடிப்பும்மா. அக்கா பாங்காக்குல நல்லா இருக்கா. கடுதாசி போடுறா. நீ தேய்க்கிற தைலம் அவ அனுப்புனதுதான்."

"செத்தவளா நடிச்சாளே, முடிஞ்சதும் உயிரைக் கூப்பிட்டுக் கையில நூல் கட்டுனது யாரு? சொல்லு, யாரு கட்டுனா?"

எனக்கு என்ன தெரியும்? அம்மா என் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். அது போட்டபடியே இருந்ததால் அவள் சொன்னது ஊருக்கே கேட்டது. "நான்தான்டா சொன்னேன், நீ செத்துட்டேன்னு. பெத்த வாய்டா இது. அது போயி அவ உயிரைத் தள்ளிவிட்டுருச்சு. கீழ விழுந்த புள்ளைக்கே உயிர் பயந்து ஓடிருமேன்னு நூல் கட்டுறோம். இவ செத்தே கெடந்திருக்கா, ஒரு நாதி இல்ல கூப்பிட."

பூசாரி எழுந்து வந்தார். "வெள்ளை நூல் இருக்கா? முட்டை அவிங்க" என்று மட்டும் சொன்னார். படையலுக்கு வைத்த வாழையிலை, பூ, சோறு எல்லாம் தயாராகத்தானே இருந்தது! நான் ரீலை ஓட்டிவிட்டு, நீ படிக்கட்டுக்குக் கீழே அண்ணாந்து நிற்கிற இடம் வந்ததும் திரும்பத் திரும்ப அதையே போட்டேன். அம்மா திரைக்குப் பக்கத்தில் போய், உன் கை இருக்கிற இடத்தில் துணியிலேயே நூலை வைத்துத் தடவினாள். மறுநுனியை ஊரே பிடித்துக்கொண்டது. துய் மாமா, அவர் மகன், உன்னை ஓடுகாலி என்று பேசிய அத்தனை பெண்டுகளும் பிடித்துக்கொண்டார்கள். ஹெங்கூட ஒரு நுனியைப் பிடித்தபடி, "இதுக்கு அப்புறமாச்சும் மருந்து விக்கலாமா?" என்று என் காதில் கேட்டார்.

அம்மா கூப்பிட்டாள்: "வா உயிரே, வா. காட்டுல இருந்தா வா, கம்மாயில இருந்தா வா. உப்பு வயல்ல நிக்காத, காலு வெந்துபோகும். பாங்காக்குல தெருத் தெரியாம நிக்கிறியா, ரயிலுச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டு வா. படத்துக்குள்ள மாட்டிக்கிட்டியா, இந்தத் துணியைக் கிழிச்சுக்கிட்டு வா. சோறு சூடா இருக்கு. வா."

அதற்குப் பிறகு மிச்சப் படத்தையும் போட்டேன். உன் வசனத்துக்கு எனக்குக் குரல் உடைந்து உடைந்து வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. முன் வரிசையில் சுருட்டெல்லாம் அணையாமல் எரிந்து முடிந்திருந்தன, சாமிக்குப் படம் பிடித்துவிட்டது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அந்த நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவர்கள் யாரையாவது விட்டுக் கட்டிக்கொள்.

உன் மடத் தம்பி
புன்மா

*

பான் நோங் க்லுவா
மே 14

அக்கா,

நலமா? பதில் இல்லை. நூல் வந்து சேர்ந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். தபால்காரரை வழியிலேயே மடக்கிச் சத்தம் போடுகிறாள். எப்போதும்போல ஒரு வரியாவது எழுது.

புன்மா

*

பாங்காக்
மே 29

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கடையில் கூடவே தைக்கிற வயசான அம்மாள் ஒருத்தி நூலைக் கட்டிவிட்டாள். அவள் தெற்குக்காரி, நம் வழக்கம் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அம்மா கூப்பிட்டதை அப்படியே அவளும் சொன்னாள். 'சோறு சூடா இருக்கு' என்ற இடத்தில் அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

துணி தைக்கத்தான் அந்தப் படத்துக்குப் போனேன். பேயாக நடிக்க வந்தவள், செத்தவளாகப் படுக்கமாட்டேன், ஆயுசு குறையும் என்று ஓடிவிட்டாள். எடுத்தவர் கலங்கிப்போய் நின்றார். நான் போய் நின்றேன். எனக்கென்ன பயம்? என் அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டாளே என்று அப்போது ஒரு வீம்பு. ஆனால் நடித்த நாட்களில் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்தேன். நான் அதில் நன்றாகத்தான் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஊர் சிரித்த பிறகு அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சிரித்தாலும் அது நல்ல படம். உன் முதல் கடிதம் வந்த அன்று தையல் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். உன்னை ஏமாற்றிப் பாராட்டு வாங்கிக்கொண்டேன்தான். எனக்கு அது வேண்டியிருந்தது.

உதடு கேட்டாயே. எடுத்தவர் "அம்மா, விளக்கு வை" என்றுதான் சொல்லச் சொன்னார். படிக்கட்டுக்கு மேலே நின்ற அந்தக் கிழவி, தோள்துண்டை அம்மா செருகுகிற மாதிரியே செருகியிருந்தாள். அண்ணாந்து பார்த்ததும் என் வாயில் வேறு வந்துவிட்டது. "அம்மா, நான் இன்னும் சாகல" என்றேன். குரல் பதியாத படம், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த எடுத்தவர் போன வாரம் கடைக்கு வந்தார். உங்கள் பக்கத்து ஊர்களில் படம் ஓடுகிற கதை அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. மறுபடி ஒன்று எடுக்கப்போகிறாராம். அதிலும் நான்தான் வேண்டுமாம், அதிலும் சாகவேண்டுமாம். பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அக்கா
லம்யாய்

*

பான் நோங் க்லுவா
ஜூன் 9

அக்கா,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுத்துத் தெரியாதவள் எப்படிக் கண்டுபிடிப்பாளோ தெரியவில்லை.

லம்யாய், அம்மா பேசுறேன். நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடுறியா? பாங்காக்குல நல்ல ஒட்டரிசி கிடைக்காதுன்னு சொல்றாங்க, கொடுத்து விடுறேன்.

உன் தம்பி எனக்கு அந்தப் படத்தை மறுபடியும் போட்டுக் காட்டுனான். இந்தத் தடவை நேரா உக்காந்து பாத்தேன். நல்லா செஞ்சிருக்க. அந்தக் கிழவிதான் சரியில்ல, சோத்துக் கூடையை இன்னும் கொஞ்சம் கிட்ட நகத்தி வச்சிருக்கலாம்.

நீ படிக்குக் கீழ நின்னு சொன்னது எனக்கு அன்னிக்குக் கேக்கல. இப்பக் கேட்டுருச்சு.

அந்த ஆளு கூப்பிட்டா போயி நடி. பேயா நடி, பொணமா நடி, உனக்கு எது வருதோ அதைச் செய். நான் வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை சாகுறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போ.